லோடு என்ற கட்டம்

என் மகள் கால்பந்து ஆடுகிறாள். யாராவது இதைப் பற்றிக் கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் விடவில்லை. எந்த இடத்தில் நின்று ஆடுகிறாள் என்று கேட்டார். நடுவில் என்றேன். நடுவில் என்றால் முன்னாலா பின்னாலா என்றார். எனக்குத் தெரியவில்லை. லாரி வந்துவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன். லாரி எதுவும் வரவில்லை.

நான் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். இருபத்தாறு வருடமாக மூட்டை தூக்குகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதப் படிக்க வரும், கூட்டல் கழித்தல் வரும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க மட்டும் வராது. இதைப் படிப்பின்மேல் போட முடியாது. என்னோடு ஐந்தாம் வகுப்பில் நின்றவர்களில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது மகளின் காலைப் பற்றியும், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு தாளைப் பற்றியும்தான். நடந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. யார் செய்த தப்பு அது என்று கேட்டால் இன்றும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

அவள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் தென்காசியில். சாயங்காலம் அங்கேயே மைதானத்தில் பயிற்சி. முடிந்ததும் பஸ் பிடித்து ஏழரைக்குள் கீழப்பாவூரில் வீட்டுக்கு வந்துவிடுவாள். பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கால்பந்து ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பயிற்சி கொடுக்கிறவர் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். பிள்ளைகளை "மோளே" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் அவரை மேடம் என்பார்கள். நானும் மேடம் என்றுதான் சொன்னேன், பேச வேண்டி வந்த சில தடவைகளில்.

வகுப்பறையில் பெஞ்சு முழுக்க ஆட்கள். நான் மார்க்கெட்டிலிருந்து நேராகப் போயிருந்தேன். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. உள்ளே போய் ஒருவர் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருந்ததால் வாசல் படியிலேயே நின்றேன். எனக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது.

"பிள்ளைங்க பொய் சொல்லும். வலிச்சாலும் வலிக்கலன்னு சொல்லும். உக்கார வச்சிருவோமோன்னு பயம். அதனாலதான் பெத்தவங்கள எழுதச் சொல்றேன்" என்றார். கையில் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். தூக்கம் எத்தனை மணி நேரம், வலி ஐந்துக்கு எத்தனை, அசதி ஐந்துக்கு எத்தனை என்று வரிசையாகக் கட்டங்கள். வலியும் அசதியும் இல்லையென்றால் ஒன்று, தாங்க முடியவில்லையென்றால் ஐந்து. கடைசிக் கட்டத்தில் "லோடு" என்று போட்டிருந்தது. அதைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். பலகையில் ஏதோ எழுதியும் காட்டினார். அந்த நேரம் பார்த்து மோட்டார் இழுத்துக்கொண்டு கத்தியது. மறுபடி காதில் விழுந்தபோது, "லோடு திடீர்னு கூடுனா காயம் வரும். ரொம்பக் கொறஞ்சா உடம்பு பழகாது. தெனமும் பாத்துட்டே இருக்கணும்" என்று முடித்துக்கொண்டிருந்தார்.

லோடைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. புதிதாக வருகிறவன் முதல் நாளே வீம்புக்கு இரண்டு மூட்டை சேர்த்துத் தூக்கினால் மூன்றாம் நாள் முதுகு பிடித்துப் படுத்துவிடுவான். இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வருகிறவனால் பழைய எடையைத் தூக்க முடியாது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற ஒன்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

"புரிஞ்சுதா அண்ணாச்சி?" என்று மேடம் வாசலைப் பார்த்துக் கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன்.

தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். ஒரு தாளுக்கு ஒரு மாதம். தினமும் காலையில் எழுதி, படம் எடுத்து, மேடத்தின் போனுக்கு அனுப்ப வேண்டும்.

நாங்கள் இருப்பது மாடியில். ஏறிவர பதினான்கு படி. தெருக்குழாயில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். நான்கு குடம் மகள்தான் எடுப்பாள். என் மனைவி பீடி சுற்றுகிறவள். உட்கார்ந்தே இருந்து இடுப்பு பாழாகிவிட்டது, குடத்தோடு படியேற முடியாது. நான் ஆறு மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டும்.

முதல் நாள் அவள் தண்ணீர் எடுத்து முடித்து, குளித்து, சீருடை போட்டு நின்றாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். வழக்கமாக அந்த நேரத்தில் கிளம்பிவிடுவேன். தாளுக்காக அன்றிலிருந்து கொஞ்சம் பிந்தினேன்.

"தூக்கம் எத்தனட்டி?"

"எட்டு."

"வலி?"

"ஒண்ணு போடுங்க."

"அசதி?"

"அதுக்கும் ஒண்ணு."

கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். குடம் ஒன்று நிறைத்தால் பதினைந்து கிலோ. நான்கு குடம் அறுபது. பிறகு அவளுடைய பள்ளிப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தாலே எனக்கு எடை தெரியும். தராசில் வைத்தால் கால் கிலோ அரை கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பை எட்டு கிலோ. கூட்டி அறுபத்தெட்டு என்று எழுதினேன்.

"எப்பா, என்ன பண்ணுதீய?"

"மேடம் எழுதச் சொல்லிருக்காவல்லா."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் போனை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். அவள் அப்படி வாயைத் திறந்து மூடியது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்று நான் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

மார்க்கெட்டில் என்னோடு ஜோடி சேர்ந்து மூட்டை ஏற்றுகிறவனிடம் இதைச் சொன்னேன். அவனிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

"ஏலே, தெனமும் மவ லோடு எழுதுதியா?" என்று சிரித்தான். "அப்ப அவளயும் நம்ம சங்கத்துல சேத்துர வேண்டியதுதான. தலைக்குச் சும்மாடு நான் வாங்கித் தாரேன்."

"படிச்ச பொம்பள சொல்லுதால. வெவரம் இல்லாமலா?"

"வெவரம்தான். நம்ம லோட எவன்ல எழுதுதான்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அறுபத்தெட்டு, எழுபது, அறுபத்தேழு. நோட்டுகள் கூடுதலாக இருக்கும் நாளில் பை கனக்கும். இரண்டாவது தாள் மாட்டிய பிறகு மகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. வந்ததும் சுவரோரம் சரிந்துவிடுவாள். ஒருநாள் ஒரு காலில் சாக்ஸோடு, தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்க, உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். தூக்கித்தான் பாயில் போட்டேன். அசதி எத்தனை என்று கேட்டால் மறுபடியும் ஒன்று என்றாள்.

எனக்கு மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. பாரம் கூடினால் காயம் வரும். கூடியிருக்கிறது போல. ஐந்தரைக்குக் குழாய் வந்ததும் இரண்டு குடத்தை நானே எடுத்து வைத்தேன். அவளுக்கு இரண்டு குடம்தான் மிச்சம். தாளில் முப்பத்தெட்டு என்று எழுதியபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து மேடத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. மனைவியின் போனில் அதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம்.

"அண்ணாச்சி, வணக்கம். பாப்பாவோட லோடு ரொம்பக் கொறஞ்சு போச்சு. முப்பத்தெட்டுலாம் பத்தவே பத்தாது. அடுத்த மாசம் மாவட்ட டீமுக்கு செலக்ஷன் இருக்கு, அவளுக்கு நல்ல சான்ஸ். மெதுவா ஏத்துவோம், பயப்படாதீங்க. காலைல வீட்டுப் பக்கத்துலயே ஒரு இருவது நிமிஷம் ஓடவும் சொல்லுங்க."

நான் அதை நான்கு தடவை போட்டுக் கேட்டேன். நான்கு தடவையும் அதையேதான் சொன்னார்.

"தண்ணி தூக்குனா பந்து நல்லா அடிக்கலாமாங்கேன்?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும். நீங்கதான லோடுமேன்."

"பிள்ள உக்காந்தே தூங்குது. இன்னும் ஏத்தச் சொல்லுதா."

"கேட்டுப் பாருங்களேன் அந்த மேடத்துக்கிட்ட."

போனைக் கையில் வாங்கினேன். குரல் செய்தி அனுப்ப ஒரு இடத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். என்ன என்று ஆரம்பிப்பது? குடம் தூக்குவதற்கும் பந்து அடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுகூடத் தெரியாமலா கூட்டத்தில் தலையாட்டினாய் என்று நினைக்க மாட்டாரா? விரலை எடுத்துவிட்டேன். விரல் பிடித்திருந்த நேரத்துக்கு ஒன்றும் பேசாத ஒரு செய்தி அவருக்குப் போய்விட்டது. அதில் எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து நான்கு குடமும் அவளே எடுத்தாள். செலக்ஷன் என்கிறார்களே என்று நானாக இன்னொரு குடத்தைக் கூட்டினேன். ஐந்து குடம் எழுபத்தைந்து, பை எட்டு, மொத்தம் எண்பத்து மூன்று. குடத்துக்கு முன்னால் வாய்க்கால் ரோட்டில் இருபது நிமிட ஓட்டம் வேறு. மகள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்பத்து மூன்று என்று எழுதி அனுப்பிய அன்று மேடத்திடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. மனைவி அதை எனக்குக் காட்டினாள். சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்தேன். இருந்தாலும் அந்த விரலைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

பத்து நாள் இருக்கும். அவள் படியில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவதைப் பார்த்தேன்.

"கால் வலிக்காட்டி?"

"இல்லியே."

"பொறவு ஏன் நண்டு மாதிரி எறங்குத?"

"ஸ்டைலுக்கு."

"வலி எத்தன போட?"

"ஒண்ணு போடுங்கப்பா. எத்தன வாட்டி கேக்குதீய."

ஒன்று போட்டேன். மேடம் எங்களை எழுதச் சொன்னதே பிள்ளைகள் பொய் சொல்லும் என்பதற்காகத்தான். ஆனால் வலி அவள் காலில் இருக்கிறது, பேனா என் கையில் இருக்கிறது. அவள் சொல்லாமல் நான் எதைப் பார்த்து எழுதுவது? மூட்டை என்றால் தூக்கிப் பார்க்கலாம்.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் குற்றாலத்தில் ரெக்கவரி, முடிந்த பெற்றோர் கூட வரலாம் என்று. ரெக்கவரி என்றால் எனக்குத் தெரிந்தது புளியரை வளைவில் கவிழ்ந்த லாரியைத் தூக்க வருகிற வண்டிதான். இவர்கள் வேன் எதுவும் பழுதாகிவிட்டதா, தள்ளுவதற்கு ஆள் வேண்டுமா என்று நினைத்தேன். அதற்காகத்தான் போனேன். தள்ளுவதற்கு என்றால் நான் பேச வேண்டியதில்லை.

சாரல் நல்ல போடு போட்டுக்கொண்டிருந்தது. பழைய குற்றாலத்தில் நிற்க இடமில்லை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் படியோரம் ஆட்களைக் குப்புறப் படுக்க வைத்து அறைந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளை அருவிக்கு விடாமல், தண்ணீர் ஓடி வருகிற இடத்தில் முழங்கால் ஆழத்தில் வரிசையாக நிற்க வைத்தார் மேடம். குளிர்ந்த தண்ணீரில் நின்றால் கால் அசதி போகுமாம். அதற்குப் பெயர்தான் ரெக்கவரி. வேன் நன்றாகத்தான் இருந்தது. நான் பிள்ளைகளின் பைகளையும் துண்டுகளையும் சுமந்துகொண்டு கம்பியோரம் ஒதுங்கி நின்றேன். பதினோரு பை. ஐம்பது கிலோவுக்குப் பக்கம்.

மகள் தண்ணீரிலிருந்து ஏறி வரும்போது வலது காலை ஊன்றாமல் தத்தினாள். அதை நானும் பார்த்தேன், மேடமும் பார்த்தார். அவர் நேராக என்னிடம் வந்தார். அருவிச் சத்தத்தில் அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. கிட்டே வந்து கத்தினார்.

"அண்ணாச்சி, லோடு இப்ப எண்பத்து மூணு வருதுல்ல? கரெக்டா?"

"ஆமா மேடம்."

"அப்ப ஏன் நொண்டுறா? எண்பத்து மூணுக்கு இப்படி ஆகாதே!"

"கொறைக்கட்டுமா மேடம்?"

"என்னது? கேக்கல!"

"கொறைக்கட்டுமா?"

"எதக் கொறைக்க? சத்தமாச் சொல்லுங்க!"

என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது லாரிக்குப் பின்னால் நின்று "வா, வா, நில்லு" என்று சொன்னதுதான். அந்தக் குரலைத்தான் எடுத்தேன்.

"கொடத்த! அஞ்சு கொடம் எழுவத்தஞ்சு கிலோ! பை எட்டு கிலோ!"

எண்ணெய் தேய்க்கிறவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கீழே படுத்திருந்தவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. மேடத்தின் முகத்தில் சிரிப்பு வருவது போல் இருந்தது. வரவில்லை. அவர் என் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் குறைந்த இடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டார். நான் சொன்னேன். குடம், படி, பை எல்லாம் சொன்னேன். அவர் தன் பங்கைச் சொன்னார். லோடு என்றால் எத்தனை நிமிடம் ஆடினாள் என்பதையும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு அவள் சொல்கிற எண்ணையும் பெருக்கி வருவது. பலகையில் அதைத்தான் எழுதிக் காட்டினாராம். மற்ற வீடுகளிலிருந்து முந்நூறு, நானூறு என்று வரும். எங்கள் வீட்டிலிருந்து அறுபத்தெட்டு வந்ததும், பெருக்கத் தெரியாமல் நிமிடத்தை மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மைதானத்தில் பார்த்துக்கொள்வது அவருடைய உதவியாளர். அதனால் முப்பத்தெட்டு வந்தபோது, என் மகள் பஸ்ஸுக்காகப் பாதியிலேயே ஓடிவிடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"அப்ப காலைல ஓடிட்டு, அஞ்சு கொடம் மாடிக்குத் தூக்கிட்டு, பொறகு சாயங்காலம் எங்ககிட்ட ஒண்ணரை மணி நேரமா?"

"நீங்கதான் ஏத்தச் சொன்னீங்க மேடம்."

அவர் டீயைக் குடிக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றார். அடுத்து அவரே, "நானும்தான் கேக்கல" என்றார்.

மகளைப் படியில் உட்கார வைத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பின் மேல் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தார். "இங்கன? இங்கன?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டார். மகள் சிரித்துக்கொண்டே இல்லை, இல்லை என்றாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மோளே" என்று மட்டும் சொன்னார் மேடம்.

தென்காசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, உடைவதற்கு முந்தின நிலை என்றார். ஆறு வாரம் ஓடக்கூடாது. செலக்ஷனுக்கு இருந்தது பதினெட்டு நாள். மகள் விரல்விட்டு எண்ணினாள், வேறு ஏதாவது கணக்கு வராதா என்பது போல. வரவில்லை.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் எப்போதும்போலத்தான் பேசினாள், சாப்பிட்டாள். நான் அந்தத் தாளை ஆணியிலிருந்து எடுத்துப் பீடி இலைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

செலக்ஷன் அன்று, போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். நான் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனேன். மைதானத்தின் படிக்கட்டில், வெயில் விழாத மூலையில் உட்கார்ந்தோம். வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி இவள் இடத்தில் ஆடினாள். அது இவள் இடம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இவள் கண் அந்தப் பிள்ளையோடேயே போய்க்கொண்டிருந்தது.

"நடுவுலன்னா எங்கனட்டி?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அந்தா, அங்கன. பின்னால இருக்கவங்கட்ட இருந்து பந்த வாங்கி முன்னால குடுக்கணும். அங்கயும் இங்கயும் ஓடிட்டே கெடக்கணும்ப்பா. நிக்கவே கூடாது."

"வாங்கிக் குடுக்குததா."

"ஆமா. ஒங்க சோலி மாதிரிதான்."

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்குத் தெரியும்ப்பா."

"என்னது?"

"நீங்க கிலோ எழுதுதீயன்னு. மொத நாளே தெரியும். எங்களுக்கு கிளாஸ்லயே மேடம் சொல்லித் தந்துட்டாங்க, பெருக்கணும்னு."

மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"பொறவு ஏன் சொல்லல?"

"சரியா எழுதுனா ஐந்நூறு, அறுநூறு வரும். மேடம் உக்கார வச்சிருவாங்க. செலக்ஷன் போயிரும்."

"இப்ப மட்டும் போவலியா?"

அவள் குனிந்து காலைத் தடவிக்கொண்டாள். "பொறவு, சொன்னா நீங்க மேடம் இருக்க பக்கமே வர மாட்டீய" என்றாள்.

அவள் சொன்ன இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாவது என்றால் அவள் என்னை ஏமாற்றியிருக்கிறாள். நான் தூக்கச் சொன்ன ஐந்தாவது குடத்தையும் வாயை மூடிக்கொண்டு தூக்கியிருக்கிறாள், தாளில் இருந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக. இரண்டாவது என்றால் என் கூச்சத்துக்காகக் காலைக் கொடுத்திருக்கிறாள். கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு அழுத்தமா என்று உள்ளூர ஒரு பெருமையும் வந்தது. அது வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. வாங்கி வைத்திருந்த கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். எடுத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழிந்து மறுபடி பயிற்சிக்குப் போனாள். முதலில் இருபது நிமிடம் மட்டும். மேடம் புதிய தாள் கொடுத்தார். லோடு என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார். "எத்தனை நிமிடம்" என்று ஒரு கட்டம், "எவ்வளவு கஷ்டம், பத்துக்கு" என்று ஒரு கட்டம். கூடவே "வீட்டில் தூக்கிய பாரம்" என்றும் ஒன்று. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இப்போது வேலை இல்லை. குழாய் வந்ததும் நான்கு குடத்தையும் நான் எடுத்து வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

அடுத்த செலக்ஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கால் தேறுமா என்பதுதான் வீட்டில் யாரும் கேட்காமல் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது. தேறுவதும் தேறாததும் இந்தத் தாளில் நான் எழுதுகிற எண்ணில் இருக்கிறது என்று மேடம் சொல்கிறார். இந்த எண்களையெல்லாம் சாயங்காலம் அவள் வந்ததும் எழுதி அனுப்ப வேண்டும்.

போன வாரம் ஒருநாள் ஏழரைக்கு வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் தாளோடு நின்றேன்.

"நிமிஷம்?"

"முப்பது."

"கஷ்டம் எத்தன?"

"மூணு."

"வலி?"

"ஒண்ணு."

மூன்றும் எழுதினேன். கை பழக்கத்தில் பையைத் தூக்கிப் பார்த்தேன், எட்டு. அதை எழுதவில்லை. அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, மற்ற ஷூவைக் கழற்றினாள். சுவரைப் பிடித்த விரல்கள் நன்றாக அழுந்தியிருந்தன. முன்பும் அப்படித்தான் பிடிப்பாளா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில், "ஷூ கழற்றும்போது சுவரைப் பிடித்தாள்" என்று எழுதினேன்.

அவள் வந்து படித்தாள். "எப்பா, இதுக்குக் கட்டமே கெடையாது."

"தெரியும்."

"பொறவு?"

"எனக்குத் தெரிஞ்சத எழுதுனேன்."

அவள் அந்த வரியை விரலால் மறைத்துப் படம் எடுத்திருக்கலாம். நான் அதை எதிர்பார்த்து நின்றேன். அவள் முழுத் தாளையும் எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கட்டைவிரல் இல்லை. "நாளைக்கும் மறுநாளும் ரெஸ்ட்" என்று இருந்தது. போனைப் பாயில் போட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டும்போதுதான் கவனித்தேன், நானும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டினேன். எனக்குக் காலில் வலி எதுவும் இல்லை. முந்தின நாள் அவளுக்கும் இல்லையோ? கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு தண்ணீர் நின்றுவிடும் என்று இறங்கிப் போனேன்.